சொல்லடைவுக்காரி

புத்தகத்தின் கடைசிப் பதினெட்டுப் பக்கங்கள் என்னுடையவை.
அட்டையில் என் பெயர் இருக்காது.
உள்ளே, அச்சக முகவரிக்கும் கீழே,
எறும்புக் கால் அளவு எழுத்தில்
சில சமயம் இருக்கும்:
சொல்லடைவு, வில்வே.

தார்த்து நகரில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டருக்கு முதுகைக் காட்டி
இருபத்தோரு வருடம்.
மண்புழு, தொங்குபாலம், கூட்டுவட்டி,
பல் ஈறு, பாறைப் பாசி,
பழங்காலக் கப்பல்களின் ஆணிகள்
எல்லாம் இந்த மேசையைக் கடந்துதான் போயின.

நுனிப்புல் என்பான் பதிப்பாளன் ரைவோ,
செல்லமாகத்தான்.
மறுக்க முடியவில்லை.
சிறுநீரகம் எந்தப் பக்கத்தில் என்று தெரியும்
எதற்கு என்று கேட்டால் முழிப்பேன்.

எங்கள் மொழியின் அகரவரிசையில்
திருமணம் முன்னாலேயே வந்துவிடும்
தனிமை ஏறக்குறையக் கடைசியில்.
நான் வைத்த ஒழுங்கு இல்லை அது.

ஒரு நவம்பரில் இரண்டு புத்தகங்கள் ஒன்றாக வந்தன.
ஏரியில் மீன் பிடிப்பது பற்றி
எண்டெல் எழுதியது ஒன்று.
உறைந்த நீரின் இயற்பியல் பற்றி
லீட்யா எழுதியது மற்றது.
காலையில் அதில் பாதி, மாலையில் இதில் பாதி.

எண்டெல், பக்கம் 63:
ஐந்து சென்டிமீட்டர் பனிக்கட்டி ஓர் ஆளைத் தாங்கும்.
லீட்யா, பக்கம் 118:
பத்துக்குக் குறைந்தால் கால் வைக்காதீர்கள்.

ரைவோவைக் கூப்பிட்டேன்.
பக்கங்கள் அச்சுக்குப் போயாச்சு,
உன் அடைவு மட்டும்தான் பாக்கி,
நாளை மதியத்துக்குள், என்றான்.

எண்டெலைக் கூப்பிட்டேன்.
பெய்ப்சி ஏரி மேல நாப்பது குளிர்காலம் நின்னிருக்கேன்,
இன்னும் அது என்னை முழுங்கல, என்றார்.
சாகாத மனிதரோடு வாதாட முடியாது.
முழுகியவர்கள் புத்தகம் எழுதுவதில்லை.

பிரதியில் ஒரு புள்ளியை நகர்த்தவும்
எனக்கு உரிமை கிடையாது.
எந்தச் சொல் எந்தப் பக்கம், அவ்வளவுதான் என் வேலை.
அன்றிரவு தேநீர் ஆறிப்போன பிறகு
இப்படித் தட்டச்சு செய்தேன்:

பனிக்கட்டி
    உடையும் ஓசை, 71
    துளையிடுதல், 58–60
    ஆளைத் தாங்கும் கனம், 63 (நம்ப வேண்டாம்)

அடைவுக்கு மெய்ப்பு பார்ப்பவர் எவரும் இல்லை.
அச்சாகிவிட்டது.

வசந்தத்தில் ரைவோ கண்டுபிடித்தான்.
அடைவு என்பது வாசற்படி,
அங்கே நின்று வீட்டைப் பற்றிப் புறம் பேசுவாயா, என்றான்.
பாதிச் சம்பளம் பிடித்தான்.
பதினோரு நாள் மாடிப்படியில் பார்த்தும் பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பதிப்பு.
யார் சொன்னார்களோ, எது நடந்ததோ,
எண்டெல் பக்கம் 63-ஐத் திருத்தியிருந்தார்.
பத்து, என்று இருந்தது இப்போது.
அடைவைத் திருத்த வேண்டும் என்று
ஒருவருக்கும் தோன்றவில்லை.
என்னிடம் சொல்லவும் இல்லை.
கடை ஜன்னலில் பார்த்து, காசு கொடுத்து வாங்கி,
வழக்கம்போலக் கடைசியிலிருந்து திறந்தேன்.

ஆளைத் தாங்கும் கனம், 63 (நம்ப வேண்டாம்).

அந்தப் புத்தகத்தில் மிச்சமிருந்த ஒரே பிழை
நான்.

மூன்றாம் பதிப்பு வந்தால் பார்ப்போம்
என்று சிரிக்கிறான் ரைவோ.
மேசையில் உப்பு பற்றிய கட்டு கிடக்கிறது,
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
உப்பு, கடலில். உப்பு, வியர்வையில். உப்பு, வரி விதித்தது யார்.

பெய்ப்சிக் கரையில் இந்நேரம்
என்னை நம்பிய யாரோ ஒருவர்
பத்தைச் சந்தேகித்து
பதினைந்துக்காகக் காத்திருக்கலாம்,
துளைபோடும் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

போனால் போகட்டும்
நாலு மீன்.